புகைப்படக் கலைஞர் மார்கரெட் அம்மையார்

மக்களுக்கு நேரும் துன்பங்கள் பல. பசி ஒரு துன்பம். பிணி ஒரு துன்பம். பிரிவு ஒரு துன்பம். பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுப் பிறரால் துரத்தப்படுதலோ இவை அனைத்தையும் தன்னுள் அடக்கிய பெருந்துன்பமாகும். தந்தையையும் பறம்பு மலையையும் ஒருங்கே இழந்து, கபிலரைத் துணையாகக் கொண்டு நடந்த பாரி மகளிரின் துயரத்தைத் தமிழ் மக்கள் இன்றும் மறந்திலர். அத்துயரை அழியாமல் காத்தது பாட்டு. இருபதாம் நூற்றாண்டில் எண்ணிறந்த ஊர்கள் பறம்பைப்போல் அழிந்தன. கோடிக்கணக்கான மக்கள் வீடிழந்து வீதியில் நின்றனர். அவர்தம் துயரை வருங்காலத்திற்கு எடுத்துரைக்கப் பாட்டோடும் உரையோடும் புதியதொரு கருவியும் துணை நின்றது. அதுவே புகைப்படக் கருவி.

அக்கருவியைத் தோளில் சுமந்து, போர்க்களத்திலும் பஞ்சப் பகுதியிலும் அகதிகள் சென்ற நெடுஞ்சாலையிலும் அஞ்சாது நடந்தவர் மார்கரெட் பூர்க்-ஒயிட் என்னும் அமெரிக்க அம்மையார். இந்திய நாடு பிரிவுற்ற நாளில் நம் மக்கள் பட்ட பாட்டை இவர் எடுத்த படங்கள் இன்றும் உலகிற்கு உணர்த்திக்கொண்டிருக்கின்றன.

இளமையும் கல்வியும்

மார்கரெட் 1904ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஒயிட் ஒரு பொறியாளர். அச்சுப்பொறிகளைச் செப்பம் செய்யும் பணியில் ஈடுபட்டவர். தாயார் மின்னி பூர்க், உண்மை பேசுதலையும் அஞ்சாமையையும் தம் மக்களுக்கு ஊட்டி வளர்த்தவர். மார்கரெட் சிறுமியாக இருந்தபோது தந்தையார் அவரை ஒரு வார்ப்பு ஆலைக்கு அழைத்துச் சென்றார். இருண்ட கூடத்தில் உருகிய இரும்பு திடீரெனச் செந்தீக் குழம்பாய்ப் பாய்ந்து வழிய, எங்கும் பொறி பறந்தது. அக்காட்சியின் அழகு சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

எனினும், அந்நாளில் அவருடைய ஆசை வேறாக இருந்தது. பாம்பும் தவளையும் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். ஊர்வனவற்றை ஆராயும் அறிவியலறிஞராக வேண்டும் என்று அவர் எண்ணினார். 1922ஆம் ஆண்டில் தந்தையார் இயற்கை எய்தினார். அவர் யூதக் குடியில் பிறந்தவர் என்னும் செய்தியை அவர் மறைவிற்குப் பின்னரே மகள் அறிந்துகொண்டார். யூதரை இழிவாகக் கருதும் வழக்கம் அமெரிக்காவிலும் பரவியிருந்த காலம் அது. ஆதலின் அக்குடும்பம் அதனை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கிளாரன்ஸ் ஒயிட் என்னும் புகழ்பெற்ற கலைஞரிடம் மார்கரெட் புகைப்படக் கலையைக் கற்றார். கணவரை இழந்து வறுமையுற்றிருந்த தாயார், இருபது டாலர் கொடுத்துப் பழைய காமிரா ஒன்றை மகளுக்கு வாங்கித் தந்தார். அதன் கண்ணாடி வில்லையில் ஒரு கீறல் இருந்தது. அக்கீறல் விழுந்த கண்ணாடியின் வழியாகவே மார்கரெட் உலகைப் பார்க்கப் பழகினார். பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதன் கட்டடங்களைப் படமெடுத்து விற்றுப் பொருள் ஈட்டி, 1927ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஆலையிலிருந்து மக்களிடம்

பட்டம் பெற்ற மார்கரெட், எஃகுத் தொழில் சிறந்திருந்த கிளீவ்லண்டு நகரை அடைந்தார். பெண் ஒருத்தி எஃகு ஆலைக்குள் நுழைவதை அந்நாளில் எவரும் விரும்பவில்லை. அவர் விடாது முயன்று இசைவு பெற்றார். ஆனால், உருகிய எஃகின் செவ்வொளி கண்ணுக்குப் பேரொளியாகத் தோன்றினும், அக்காலப் படச்சுருளில் பதியவில்லை. எடுத்த படங்கள் யாவும் இருண்டு போயின. அவர் மனம் தளர்ந்தாரல்லர். மக்னீசியம் எரிந்து தரும் வெண்ணிற ஒளியைத் துணைக்கொண்டு பல இரவுகள் உழைத்தார், வெற்றியும் பெற்றார். அப்படங்கள் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. 1929ஆம் ஆண்டில் ஃபார்ச்சூன் என்னும் இதழ் அவரைப் பணிக்கு அமர்த்திக்கொண்டது. 1930ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிற்குச் சென்று அங்கு எழும்பிய புதிய ஆலைகளைப் படமெடுத்தார்.

அதுவரை அவருடைய படங்களில் பொறிகளே தலைமை பெற்றிருந்தன. மனிதர் அவற்றின் அருகே சிறு புள்ளிகளாகக் காணப்பட்டனர். 1934ஆம் ஆண்டில் அந்நிலை மாறியது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் மழை பொய்த்தது. உழுது உழுது பொடியான மேல்மண் காற்றில் எழுந்து, பகலை இரவாக்கியது. பயிர் கருகியது, கால்நடை மடிந்தது, உழவர் நிலத்தை விட்டு வெளியேறினர். சிறு விமானத்தில் பறந்து அந்நிலப்பரப்பைப் படமெடுத்த மார்கரெட், அவ்வுழவரின் முகங்களைக் கண்டு உள்ளம் உருகினார். பொறியைவிட அதன் அருகே நிற்கும் மனிதனே பெரியவன் என்பதை அவர் உணர்ந்த காலம் அதுவே.

ஒரு முகத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அம்முகத்திற்கு உரியவரின் கதையையும் கூறுதல் வேண்டும் என்று அவர் கருதினார். ஆதலின், எர்ஸ்கின் கால்டுவெல் என்னும் நாவலாசிரியருடன் சேர்ந்து தென் அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் குத்தகை உழவரிடையே சுற்றினார். அவர் படம் எடுக்க, கால்டுவெல் உரை எழுதினார். 1937ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் புதுவகைக் கதை சொல்லும் முறைக்கு வழிகாட்டியாயிற்று.

1936ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் லைஃப் என்னும் படச் செய்தி இதழ் தோன்றியது. அதன் முதல் மேலட்டையை அணி செய்தது மார்கரெட் எடுத்த ஓர் அணையின் படமே. அடுத்த ஆண்டில் ஒகையோ ஆறு பெருக்கெடுத்து லூயிவில் நகரை மூழ்கடித்தது. வீடிழந்த கருநிற மக்கள் உணவு பெறுவதற்காகக் கையில் பையும் வாளியும் ஏந்தி வரிசையில் நின்றனர். அவர்களுக்குப் பின்னே ஒரு பெரிய விளம்பரப் பலகை இருந்தது. அதில் வெள்ளையர் குடும்பம் ஒன்று காரில் மகிழ்ந்து செல்லும் ஓவியமும், உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் தம் நாட்டினது என்னும் பெருமையுரையும் தீட்டப்பட்டிருந்தன. மார்கரெட் இரண்டையும் ஒரே சட்டத்துள் அடக்கினார். நூறு பக்கக் கட்டுரை சொல்லத்தக்கதை அவ்வொரு படம் சொல்லிற்று.

போர்க்களத்தில்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் செல்ல இசைவு பெற்ற முதற் பெண் புகைப்படக் கலைஞர் இவரே. 1941ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரின்மீது செருமானியர் குண்டு பொழிந்த இரவுகளை அங்கிருந்தே படமெடுத்தார். வட ஆப்பிரிக்காவிற்குச் செல்லும் வழியில் அவர் ஏறியிருந்த கப்பல் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் உடைந்தது. அவர் உயிர்காப்புப் படகில் ஏறிப் பிழைத்தார். 1943ஆம் ஆண்டில் குண்டு வீசும் விமானத்தில் ஏறிச் சென்றும் படம் எடுத்தார்.

இவை யாவும் உடலின் அஞ்சாமைக்கு நேர்ந்த சோதனைகள். உள்ளத்திற்குரிய சோதனை 1945ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வந்தது. செருமனி நாட்டு வைமார் நகரின் அருகே பூக்கன்வால்டு என்னும் வதை முகாம் இருந்தது. அமெரிக்கப் படை அங்கு நுழைந்த சில நாட்களில் மார்கரெட்டும் சென்றார். யூதர்களும் நாசி ஆட்சியை எதிர்த்தவர்களும் பிற நாட்டுக் கைதிகளும் அங்கு எலும்பும் தோலுமாய்க் கம்பி வேலியின் பின்னே நின்றனர். முற்றத்தில் பிணங்கள் விறகெனக் குவிந்து கிடந்தன. தாமும் யூதத் தந்தைக்குப் பிறந்தவர் என்பதை மார்கரெட் அறிவார். தந்தையின் முன்னோர் ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால், அவ்வேலியின் பின்னே அவருடைய உறவினரும் நின்றிருத்தல் கூடும்.

கைகள் நடுங்கினும் அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. தமக்கும் அக்கொடுமைக்கும் இடையே காமிரா ஒரு மெல்லிய திரையாக நின்றதனாலேயே அப்பணியைச் செய்ய இயன்றது என்று அவர் பின்னாளில் எழுதினார். படைத்தலைவர் பேட்டனின் ஆணைப்படி வைமார் நகர மக்கள் அம்முகாமைப் பார்க்க அழைத்து வரப்பட்டனர். தமக்கு ஒன்றும் தெரியாது என்று கூறி அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அத்திருப்பிய முகங்களையும் மார்கரெட் படமெடுத்தார். கொடுமை செய்தாரை மட்டுமன்றி, கண்டும் காணாதார்போல் இருந்தாரையும் வரலாறு மறவாது என்பதற்கு அப்படங்கள் சான்றாகும்.

இந்தியாவில்

1946ஆம் ஆண்டில் லைஃப் இதழ் அவரை இந்தியாவிற்கு அனுப்பியது. காந்தியடிகளைப் படமெடுக்க விரும்பிய அம்மையாரை நோக்கி, நூற்கத் தெரியுமா என்று அடிகளின் செயலாளர் வினவினார். தெரியாது என்றார் அம்மையார். இராட்டையின் பொருளை அறியாதவர் அதன்முன் அமர்ந்திருப்பவரை எவ்வாறு அறிய இயலும்? ஆதலின், முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தனர். எஃகு ஆலையையும் போர்க்களத்தையும் வென்ற கைகள் மெல்லிய நூலிடம் தோற்றன. நூல் அறுந்து அறுந்து போயிற்று. அவர் பொறுமையுடன் பழகினார். அதன் பின்னரே இசைவு கிடைத்தது. அன்று அடிகளுக்குப் பேசா நோன்பு நாள். பளிச்சிடும் விளக்குகள் மூன்றனுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்றும் கட்டளை பிறந்தது. இரண்டு வீணாயின. மூன்றாவது கைகொடுத்தது. இராட்டை முன்னே நிற்க, அதன் பின்னே அண்ணல் அமர்ந்து படிக்கும் அப்படம் இன்று உலகறிந்த படமாகத் திகழ்கிறது. ஒருவரைப் படமெடுக்குமுன் அவர் வாழ்வை அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை மார்கரெட் அங்கே கற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் வகுப்புக் கலவரம் மூண்டது. நான்கு நாட்களுள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிணங்கள் கிடந்த தெருக்களையும், வீட்டுக் கூரைகளில் வந்தமர்ந்த கழுகுகளையும் அவர் படமெடுத்தார். வரவிருந்த பேரழிவிற்கு அது முன்னுரையாக அமைந்தது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. உடனே இரண்டாகவும் பிரிந்தது. எல்லை வகுத்த ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேயர் அதற்கு முன் இந்தியாவைக் கண்டவரல்லர். அவருக்குக் கிடைத்த காலமோ ஐந்து வாரம். அவர் வரைந்த கோடு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளியாயிற்று. அது வயலையும் வாய்க்காலையும் கிணற்றையும் பிளந்து சென்றது. மேற்கிலிருந்து இந்துக்களும் சீக்கியரும் கிழக்கு நோக்கி ஓடினர். கிழக்கிலிருந்து முசுலிம்கள் மேற்கு நோக்கி ஓடினர். இடம்பெயர்ந்தோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர். மாண்டவர் தொகையை இரண்டு இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை பலரும் பலவாறாகக் கணக்கிட்டுள்ளனர். இறந்தவரை எண்ணுதற்குக்கூட எவரும் இல்லாத காலம் அது.

மார்கரெட் மீண்டும் இந்தியாவிற்கு விரைந்து வந்து, ஒரு செய்தியாளருடன் பஞ்சாபின் சாலைகளில் சுற்றினார். அகதிகளின் வண்டி வரிசை பல கல் தொலைவு நீண்டு கிடந்தது. கட்டிலும் பித்தளைக் குடமும் ஏற்றிய மாட்டு வண்டிகள். அவற்றின்மேல் கிழவியரும் குழந்தைகளும். நடக்க இயலாத மனைவியைத் தோளில் சுமந்து செல்லும் சீக்கியர் ஒருவர். வழியிலேயே சாய்ந்துவிட்ட முதியவர். சுமை தாங்காது வீழ்ந்த மாடு. இவையாவும் அவர் படங்களில் நிலைபெற்றன. அவ்விலையுதிர் காலத்தில் பஞ்சாபில் வெள்ளமும் வந்தது, காலராவும் வந்தது. வாளுக்குத் தப்பியவரை நீர் கொண்டது. நீருக்குத் தப்பியவரை நோய் கொண்டது.

தில்லியின் பழைய கோட்டை அகதி முகாமாக மாறியிருந்தது. அதன் மதிலின்மேல் ஒரு சிறுவன் தலையைக் கையால் தாங்கி அமர்ந்திருக்கிறான். அவனுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை அகதிகளின் கூட்டம். அவன் பெயரைப் படம் சொல்லவில்லை. அவன் சமயத்தையும் சொல்லவில்லை. அவன் ஒரு குழந்தை என்பதை மட்டுமே அது சொல்கிறது. இருபுறத்து மக்கள் சிந்திய கண்ணீரும் ஒரே நிறத்தது என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எடுத்துரைத்தல் அரிது.

மார்கரெட் படங்களோடு நின்றுவிடவில்லை. மக்களோடு பேசிக் குறிப்பெடுத்து, அவற்றைத் தொகுத்து 1949ஆம் ஆண்டில் இந்திய விடுதலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தலைவர்களைப் பற்றி மட்டுமன்றி, உழவரைப் பற்றியும் வட்டிக்கடைக்காரரைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. பின்னும் ஒரு சிறப்பு உண்டு. பிரிவினைக் கொடுமையைக் கருவாகக் கொண்டு குஷ்வந்த் சிங் 1956ஆம் ஆண்டில் எழுதிய பாகிஸ்தானுக்குப் போகும் இரயில் என்னும் நாவல், ஐம்பது ஆண்டு கழித்து 2006ஆம் ஆண்டில் மார்கரெட் எடுத்த படங்களுடன் பதிப்பிக்கப் பெற்றது. கதைக்குப் படமும் படத்திற்குக் கதையும் ஒன்றற்கொன்று சான்று பகர்ந்தன.

எழுந்த வினா

மார்கரெட்டின் பணியில் குறை காண்பாரும் உளர். நெடுந்தொலைவு நடந்து களைத்த அகதிகள் சிலரை, படம் நன்கு அமையும்பொருட்டுத் திரும்பச் சென்று மீண்டும் நடந்து வருமாறு அவர் செய்தார் என்று உடன் சென்ற செய்தியாளரே பிற்காலத்தில் கூறியுள்ளார். 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளை அவர் பேட்டி கண்டார். அணுகுண்டைப் பற்றி உரையாடித் திரும்பிய சில மணி நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். மாளாத் துயரில் மூழ்கியிருந்தோர் நடுவே, அண்ணலின் உடல் கிடந்த அறையில் மார்கரெட் பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்திப் படம் எடுக்க முயன்றார். அங்கிருந்தோர் சினந்து அவரை வெளியேற்றினர்.

துயரத்தை உலகிற்குக் காட்டுதல் கடமை. ஆயின், துயருறுவாரின் மானத்தைக் காத்தலும் கடமையன்றோ? இவ்விரண்டனுள் எது பெரிது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. படமே எடுக்காதிருந்தால் அக்கொடுமை பொய்யென்று மறுக்கப்படும். எவ்வாறேனும் எடுப்பேன் என்றாலோ துன்புறுவோர் வெறும் காட்சிப் பொருளாகிவிடுவர். கருவியை ஏந்துவோர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது இது.

சுரங்கத்தின் அடியில்

இந்தியாவிலிருந்து சென்ற மார்கரெட் 1949ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். அங்கு நிறவெறி ஆட்சி வேரூன்றத் தொடங்கியிருந்தது. கருநிற மக்கள் தம் ஊரையும் குடும்பத்தையும் பிரிந்து வந்து பொற்சுரங்கங்களில் உழைத்தனர். ஏறத்தாழ இரண்டு கல் ஆழத்தில், வெப்பமும் புழுக்கமும் மிக்க குடைவறையில் வேலை செய்த தொழிலாளர் இருவரை மார்கரெட் படமெடுத்தார். அவ்வெப்பத்தில் அவருக்கே மயக்கம் வரும் நிலை உண்டாயிற்று. அவ்விருவருடைய பெயர்கள் எவருக்கும் தேவைப்படவில்லை. எண்களாலேயே அவர்கள் குறிக்கப்பட்டனர். வியர்வை வழியும் அம்முகங்களில் தோன்றும் பெருமிதமோ எண்ணுக்குள் அடங்குவதாக இல்லை. தாம் எடுத்த படங்களுள் தமக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்றாக அம்மையார் அதனைப் போற்றினார்.

சுரங்கத்தின் இயல்பை நம் நாட்டிலும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மக்கள் நன்கு அறிவர். அதனை அடுத்த நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. நாட்டிற்கு மின்னொளி கிடைத்தது. அழகிய நகரியமும் எழுந்தது. ஆயினும், சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. இது பகையால் நேர்ந்த துரத்தல் அன்று; பொதுநலம் கருதி நிகழ்ந்த பெயர்ச்சி. எனினும், பிறந்த வீட்டையும் பயிரிட்ட வயலையும் வணங்கிய கோயிலையும் விட்டு நீங்கியோர் நெஞ்சில் ஓர் ஏக்கம் இருத்தல் இயல்பே. பெயர் மறைந்த அவ்வூர்களின் கதையை முதியோர் வாய்மொழியால் கேட்டு எழுதி வைத்தலும், அவர்கள் வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களைப் போற்றிக் காத்தலும் மாணவர்கள் செய்யத்தக்க நற்பணியாகும்.

பிணியும் மறைவும்

1952ஆம் ஆண்டில் கொரியப் போரைப் படமெடுக்கச் சென்ற மார்கரெட்டின் இடக்கையிலும் காலிலும் தளர்ச்சி தோன்றியது. அது பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் என்று மருத்துவர் கண்டனர். காமிராவை அசையாது பிடிக்க வேண்டிய கை நடுங்கலாயிற்று. அவர் நோய்க்கு எளிதில் பணிந்தாரல்லர். நாள்தோறும் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தார், நெடுந்தொலைவு நடந்தார், மூளையில் அறுவை மருத்துவமும் இருமுறை செய்துகொண்டார்.

அந்நோயை மறைத்தல் அவருக்கு எளிது. அவரோ தம்முடன் பணியாற்றிய ஆல்பிரட் ஐசன்ஸ்டாட் என்னும் கலைஞரை அழைத்து, தமது மருத்துவத்தையும் பயிற்சியையும் படமெடுக்கச் செய்தார். 1959ஆம் ஆண்டில் லைஃப் இதழ் அப்படங்களை மார்கரெட்டின் உரையுடன் வெளியிட்டது. வாழ்நாள் எல்லாம் பிறர் துன்பத்தைப் படமெடுத்தவர், தம் துன்பத்தையும் அவ்வாறே உலகின்முன் வைத்தார். அதைக் கண்டு அந்நோயுற்றோர் பலர் ஊக்கம் பெற்றனர். 1963ஆம் ஆண்டில் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்ட அம்மையார், 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தமது அறுபத்தேழாம் வயதில் மறைந்தார்.

மார்கரெட் அம்மையாரின் படங்களைக் காண்போர் முதலில் வருந்துவர், பின்னர்ச் சிந்திப்பர். வேலியின் பின்னே நின்ற யூதரும், பஞ்சாபின் புழுதியில் நடந்த அகதியும், பொற்சுரங்கத்துத் தொழிலாளியும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு மொழியினர். எனினும், அவர்கள் யாவரும் பிற மனிதரால் மனிதராகக் கருதப்படாமையாலேயே துன்புற்றனர். அவர்களை மீண்டும் மனிதராகக் காட்டிற்று அம்மையாரின் காமிரா. அயலார் துயரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருத்தலே அப்படங்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.